செவலை மோப்பம் படித்த கதை

அரைக்கிணத்துப்பட்டிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. ஊர்க்காரர்கள் ஒருகாலத்தில் கிணறு தோண்டினார்கள். தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்று பேச்சு வந்தது. தேடிப் பார்த்ததில் பக்கத்திலேயே நல்ல ஆழமாக ஒரு பள்ளம் இருந்தது. அதில் கொட்டினார்கள். அது தாங்கள் தோண்டிய கிணறுதான் என்று பாதி மூடிய பிறகுதான் ஒருத்தருக்குத் தோன்றியது. அவரையும் வெகுநாள் யாரும் நம்பவில்லை.

அப்பேர்ப்பட்ட ஊரில் வெள்ளந்தி என்று தனியாகப் பெயர் வாங்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். நான்கு அண்ணன் தம்பிகள் எந்தப் பாடும் படாமல் அதை வாங்கியிருந்தார்கள். மூத்தவன் சடையன், யோசிப்பான். அடுத்தவன் மொக்கையன் அந்த யோசனையில் சந்தேகம் கேட்பான். மூன்றாமவன் விருமன் சந்தேகத்தைத் தீர்த்துவைப்பான். கடைக்குட்டி சங்கையாவுக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. அண்ணன்மார் சொன்னதை இம்மி பிசகாமல் செய்துவிடுவான். நால்வருக்கும் ஆடு மேய்க்கிற தொழில். ஆடுகளுக்குக் கொஞ்சம் புத்தி இருந்ததால் தொழில் ஒழுங்காக நடந்தது.

மூன்று அண்ணன்மாருக்குத் தங்கச்சியாகவும் சங்கையாவுக்கு அக்காவாகவும் வெள்ளத்தாய் பிறந்திருந்தாள். கஞ்சி கொதிக்க வேண்டுமானால் பானைக்குக் கீழே தீ எரிய வேண்டும் என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும் தெரியும். அவளுக்கும் பக்கத்து ஊரான ஒத்தப்புளித் தவசிக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தவசி அதிகம் பேசமாட்டான், ஒரு வேலையை ஒருதடவை சொன்னால் ஒருதடவைதான் செய்வான். நான்கு பேரைக் கட்டி மேய்த்துக் களைத்துப்போன வெள்ளத்தாய்க்கு அது போதும் என்றிருந்தது. அவனை அவளுக்கு மனசாரப் பிடித்தும் இருந்தது.

சீர்வரிசையில் ஒரு கொம்புக்கிடா வந்தாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக் குலசாமிக்கென்று, பெண்ணைப் பெற்ற அப்பா சாவதற்கு முன்னால் ஊர் கூடியிருக்க வாக்குக் கொடுத்த கிடா அது. மாப்பிள்ளையின் அப்பா முத்திருளாண்டி மற்ற விஷயத்தில் எல்லாம் நல்ல மனுஷன். சாமி விஷயத்தில் மட்டும் உடும்புப்பிடி. கிடா பந்தலில் வந்து நின்ற பிறகுதான் தாலி என்று சொல்லிவிட்டார்.

கல்யாணத்துக்கு முதல்நாள் விடிந்ததும் வெள்ளத்தாய் கிடாவின் கயிற்றை விருமன் கையில் கொடுத்து, மேய்த்துக்கொண்டு வரச் சொன்னாள். என்ன ஆனாலும் கயிற்றை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று இரண்டுதரம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள். ஓடைக்கரையில் கிடா தலையை ஒரு வெட்டு வெட்டிக் கழுத்தை உருவிக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் போய்விட்டது. கயிறும் அதில் கோத்திருந்த கழுத்துமணியும் விருமன் கையில் இருந்தன. அவன் அவற்றை இறுக்கிப் பிடித்தபடியே வீடு வந்து சேர்ந்தான்.

"கிடா எங்கண்ணே?" என்றாள் வெள்ளத்தாய்.

"கிடா போயிருச்சும்மா. ஆனா நீ சொன்ன மாதிரி நான் கயித்த விடல."

அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெள்ளத்தாய் வழக்கமாக இதற்கெல்லாம் அழமாட்டாள். அன்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதுவிட்டாள். அண்ணன்மாருக்குத் தங்கச்சி என்றால் உயிர். அவள் அழுவதைப் பார்த்ததும் மூன்று பேரும் அழுதார்கள். ஏன் அழுகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சங்கையாவும் அழுதான்.

அழுது முடித்ததும் சடையன் யோசிப்பதற்காக டீக்கடைக்குப் போனான். அங்கே பஸ்ஸுக்காக ஒருத்தர் காத்திருந்தார். போலீஸில் மோப்பநாய்களைப் பழக்கி ஓய்வு பெற்றவராம். சடையன் அவரிடம் கிடா தொலைந்த கதையைச் சொல்லி, வீட்டில் செவலை என்று ஒரு கிழட்டு நாய் இருக்கிறது, ஆனால் இரண்டு கண்ணிலும் பூ விழுந்து பார்வை போய்விட்டது என்றான். அவர் சிரித்துவிட்டு, நாய்க்குக் கண் எதற்கு, மூக்கு போதுமே என்றார். அதற்கு ரொம்பப் பிடித்ததை எங்காவது ஒளித்துவைத்துத் தேடவிட வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும், ஒருபோதும் நாய்க்கு முன்னால் போகக் கூடாது. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது. படியில் ஏறியவர் திரும்பி, "முக்கியமா ஒண்ணு. நாய் எப்படி இருக்குதோ அப்படியே நீங்களும் இருந்து யோசிக்கணும்" என்றார். மிச்சத்தையும் சொல்லியிருப்பார். பஸ் நிற்கவில்லை.

சடையன் வந்து சொன்னதும் மொக்கையனுக்குச் சந்தேகம் வந்தது. கண் தெரியாத நாய், வாசம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எப்படிப் பார்க்கும்? விருமன் அதைத் தீர்த்துவைத்தான். அதற்குத் தெரியாததால்தானே பாடம் நடத்தப் போகிறோம், தெரிந்த நாய்க்கு எதற்குப் பாடம் என்றான். செவலை வாசல் மூலையில் படுத்திருந்தது. பார்வை போன நாளிலிருந்து கஞ்சிச்சட்டி, நிழல், உதைக்கிற மாடு எல்லாவற்றையும் அது மூக்கால்தான் கண்டுபிடித்துவந்தது. அதை யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.

அடுத்து, செவலைக்கு ரொம்பப் பிடித்தது எது என்று விவாதம் நடந்தது. கருவாடு என்றான் மொக்கையன். கருவாட்டை விட, கருவாடு போடுகிற கையைத்தான் பிடிக்கும் என்றான் விருமன். கை யாருடையது என்று பார்த்தால் சங்கையாவுடையது. கையை மட்டும் தனியாக ஒளித்துவைக்க முடியாது என்பதில் மூன்று பேரும் ஒத்துப்போனார்கள். ஆகவே முழுச் சங்கையாவையும் ஒளித்துவைப்பது என்று முடிவாயிற்று.

சடையன் தம்பியைக் கூப்பிட்டு, தோளில் கைவைத்துச் சொன்னான்: "எங்க வேணாலும் ஒளிஞ்சுக்க. ஆனா செவலை உன்னையப் பார்க்கிற வரைக்கும் வெளிய வரக்கூடாது. சத்தமும் காட்டக் கூடாது. தங்கச்சி வாழ்க்கை உன் கையிலதான் இருக்கு."

இந்த வார்த்தையை நீங்கள் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சங்கையா சாகும்வரை ஞாபகம் வைத்திருப்பான்.

தம்பி ஒளியும் இடத்தைத் தாங்கள் பார்த்துவிட்டால், நாய்க்கு ஜாடை காட்டிவிடுவோம் என்று அண்ணன்மார் மூவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். வாசலில் சீருக்கென்று வாங்கிய பெரிய பித்தளை அண்டா இருந்தது. சங்கையா அதற்குள் இறங்கி உட்கார்ந்து மேலே மூங்கில் தட்டை இழுத்து மூடிக்கொண்டான். இது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அண்ணன்மாருக்குத் தெரியாது.

கிடாவின் கயிற்றைச் செவலை கழுத்தில் கட்டி, "தேடு" என்றார்கள். செவலை எழுந்து சோம்பல் முறித்து, நேராக அண்டாவைப் பார்த்து நடந்தது. அண்டா அவர்களுக்குப் பின்பக்கம் இருந்தது. நாய் தங்களை நோக்கி வருகிறதே, அப்படியென்றால் நாம் நாய்க்கு முன்னால் நிற்கிறோமே என்று பதறிப்போய் மூன்று பேரும் சுற்றி ஓடி அதன் பின்னால் போனார்கள். ஓடிய வேகத்தில் கயிறு இழுபட்டு நாய் திரும்பிவிட்டது. திரும்பியதும் அவர்கள் மறுபடி முன்னால் ஆகிவிட்டார்கள். மறுபடி ஓடினார்கள். உச்சிப்பொழுது வரை இப்படியே வாசலில் செக்கு ஓடியது. கடைசியில் தலைசுற்றி நான்கு பேரும் விழுந்தார்கள், செவலையையும் சேர்த்துத்தான்.

"நாய்க்கு இன்னும் பாடம் ஏறல" என்றான் சடையன், படுத்தபடியே.

"தம்பி ஒளிஞ்சதும் லேசுப்பட்ட ஒளியல் இல்லண்ணே" என்றான் விருமன். தம்பியின் திறமையை நினைத்து அவர்களுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

பெண்ணழைப்புக்கு மாட்டுவண்டி வந்தது. பெண்ணின் சின்னம்மா மூங்கில் தட்டைப் பாதி விலக்கி அதிரசக் கூடையை அண்டாவுக்குள் இறக்கினாள். கூடை கையிலிருந்து தானாகவே வழுக்கிக்கொண்டு உள்ளே போனதைக் கண்டு நல்ல சகுனம் என்றாள். அண்டாவைத் தூக்கி வண்டியில் ஏற்றியவர்கள், கனத்தைப் பார்த்து, சும்மா சொல்லக் கூடாது, அசல் பித்தளை என்று பாராட்டினார்கள். செவலை வண்டிச் சக்கரத்தைச் சுற்றிச்சுற்றி வந்து குரைத்தது. மொக்கையன் அதை அதட்டி, இது பாட நேரம் இல்லை என்று பிடித்துக் கட்டினான்.

வண்டியில் ஏறும் முன் வெள்ளத்தாய் மூத்தவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, எனக்கு வேற எதுவும் வேண்டாம். காலையில கிடா மட்டும் வந்துட்டாப் போதும்." சடையன் தலையை மட்டும் ஆட்டினான்.

வண்டி போனதும் இரண்டாம் பாடம் ஆரம்பித்தது. கிடாவின் கயிற்றை வாசலிலிருந்து களத்துமேடு வரை தரையில் தேய்த்துக்கொண்டு போனான் சடையன். அந்த வாசத்தைப் பிடித்து நாய் வரவேண்டும். மொக்கையன் உட்கார்ந்து தரையை உற்றுப் பார்த்துவிட்டு, தேய்த்த இடமே கண்ணுக்குத் தெரியவில்லையே, நமக்கே தெரியாதது குருட்டு நாய்க்கு எப்படித் தெரியும் என்றான். நியாயமான கேள்விதான். கல்யாணத்துக்கு வெள்ளையடித்த சுண்ணாம்பு ஒரு வாளி மீதம் இருந்தது. கயிறு போன வழியில் வெள்ளைக்கோடு போட்டார்கள்.

செவலை கோட்டைப் பார்க்கவில்லை. மூவரும் கோட்டைச் சுற்றி நின்று ஆலோசித்தார்கள். கண் தெரியாத நாய்க்குப் போய் இவ்வளவு ஒல்லியாகக் கோடு போட்டால் எப்படி என்றான் விருமன். ஒரு முழ அகலத்துக்குப் போட்டார்கள். அப்புறம் இரண்டு கையையும் விரித்தால் வருகிற ஒரு பாக அகலத்துக்கு. செவலை என்ன இது என்று மோந்து பார்க்கப்போய் மூக்கெல்லாம் சுண்ணாம்பு ஏறி, பொழுது சாயும் வரை தும்மிக்கொண்டே இருந்தது.

ராத்திரி மூவருக்கும் சோறு இறங்கவில்லை. வெள்ளத்தாய் இல்லாததால் சோறே ஆக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

விடியற்காலையில் சடையன் திடுமென்று எழுந்து உட்கார்ந்தான். போலீஸ்காரர் கடைசியாகச் சொன்னது இப்போதுதான் அவனுக்கு விளங்கியிருந்தது. "நாய் எப்படி இருக்குதோ அப்படியே நாமளும் இருக்கணும்னாரே. நாய்க்குக் கண்ணு தெரியாது. நமக்குத் தெரியுது. தப்பு நம்மகிட்டதான் இருக்கு. கண்ணத் தொறந்து வச்சா மூக்கு எப்படித் தொறக்கும்?"

மொக்கையனுக்கே இதில் சந்தேகம் வரவில்லை. மூன்று பேரும் துண்டை எடுத்து ஒருத்தர் கண்ணை ஒருத்தர் இறுக்கக் கட்டினார்கள். மூன்றாவது ஆளுக்குக் கட்டும்போதுதான் கொஞ்சம் சிரமமாக இருந்தது. கிடாவின் கயிற்றில் ஒரு முனையைச் செவலையின் கழுத்தில் கட்டி, சடையன், மொக்கையன், விருமன் என்று வரிசையாகப் பிடித்துக்கொண்டார்கள். மறுமுனையில் கழுத்துமணி தரையில் இழுபட்டுக் கிணிகிணியென்று வந்தது.

செவலை இந்தமுறை ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. சங்கையாவும் அதிரசமும் போன வண்டித்தடத்தில் மூக்கை வைத்து ஒத்தப்புளியைப் பார்த்து இழுத்துக்கொண்டு ஓடியது.

கருவேலங்காட்டைத் தாண்டும்போது மணிச்சத்தம் கேட்டுக் கிடா வெளியே வந்தது. தன்னுடைய மணியை யாரோ கொண்டுபோகிறார்களே என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும். பின்னாலேயே வந்து, விருமனின் வேட்டி நுனியைக் கவ்வி மெல்ல ஆரம்பித்தது.

"யாரோ என் வேட்டியப் பிடிச்சுக்கிட்டு வர்றாங்கண்ணே" என்றான் விருமன்.

"வேற யாரு, நம்ம சங்கையாவாத்தான் இருக்கும்" என்றான் சடையன். "பாவம், ஒளிஞ்சு ஒளிஞ்சு அலுத்துப்போய் வந்திருப்பான். சங்கையா, நீதானடா?"

"ம்மே" என்றது கிடா.

சத்தம் நெஞ்சைப் பிசைவதாக இருந்தது. "அக்கா புருஷன் வீட்டுக்குப் போறாளேன்னு அழுறான்" என்றான் மொக்கையன். அதற்கப்புறம் அவர்களாலும் தாங்க முடியவில்லை. துண்டெல்லாம் நனைய அழுதுகொண்டே நடந்தார்கள். வழியில் எந்தப் பக்கம் போவது என்று விவாதம் வந்தபோதெல்லாம் தம்பியின் அபிப்பிராயத்தையும் கேட்டார்கள். அவன் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைச் சொன்னான். இந்த வயதில் இவ்வளவு உறுதியா என்று அவர்களுக்கு ஆச்சரியம்.

ஒத்தப்புளிப் பந்தலில் முத்திருளாண்டி வழிமேல் விழிவைத்து நின்றிருந்தார். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. வெள்ளத்தாய் மாலையோடு பாதைப்பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தவசி பந்தலுக்கு வெளியே மணமேடைக்கு அழைக்கப்படக் காத்திருந்தான். அப்போது மூக்கு வெளுத்த ஒரு குருட்டு நாயும், கண்ணைக் கட்டிய மூன்று பேரும், அவர்களுக்குப் பின்னால் வாயில் அரை வேட்டியோடு ஒரு கொம்புக்கிடாவும் பந்தலுக்குள் நுழைந்தார்கள். விருமன் உள்ளே டவுசர் போட்டிருந்தது சபைக்கே நல்லதாகப் போயிற்று.

முத்திருளாண்டி வாய்திறக்கும் முன் மேளச்சத்தத்தை வைத்துப் பந்தல் என்று தெரிந்துகொண்ட சடையன், கட்டிய கண்ணோடு தடாலென்று விழுந்தான். விழுந்தது நாதஸ்வரக்காரர் காலில்.

"மாமா, மன்னிச்சிருங்க. கிடா கிடைக்கல. நாய் எங்கள எங்கயோ கூட்டியாந்துருச்சு. தங்கச்சி கல்யாணத்த மட்டும் நிறுத்திறாதீங்க. கிடாவுக்குப் பதிலா எங்க தம்பியத் தர்றோம்."

"தம்பியையா?" என்றார் முத்திருளாண்டி.

விருமன் பின்னால் கையை நீட்டிக் கிடாவின் கழுத்தைத் தடவி இழுத்து முன்னால் விட்டான். "கையக்கால வச்சுக்கிட்டுச் சும்மா இருப்பான் மாமா. சொன்ன பேச்சுக் கேப்பான். நேரத்துக்கு எதையாவது போட்டா சாப்பிடுவான்." இதைச் சொல்லும்போது அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. தடவிய கையில் கொம்பு தட்டியது. தம்பி கல்யாணத்துக்குத் தலைப்பாகை கட்டியிருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டான்.

முத்திருளாண்டி கிடாவைப் பார்த்தார். பல்லைப் பிடித்துப் பார்த்தார். கொம்பு இரண்டு சுற்று. "தம்பி நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லி மாலையைப் போட்டுக் கம்பத்தில் கட்டச் சொன்னார். வெள்ளத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது அழுகையா சிரிப்பா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பிடிபடவில்லை.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் கண்கட்டை யாரோ அவிழ்த்துவிட்டார்கள். மூவரும் கம்பத்தில் கிடாவைப் பார்த்தார்கள். மகிழ்ச்சி தாங்கவில்லை. கிடா தானாகவே வந்துவிட்டது. ஆகவே சடையன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முத்திருளாண்டியிடம் போய், கிடாதான் வந்துவிட்டதே, தம்பியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றான். நான் எங்கே உங்கள் தம்பியை வாங்கினேன் என்றார் அவர். இப்போதுதானே எல்லார் முன்னாலும் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கினீர்கள் என்றான் விருமன்.

வாய்ச்சண்டை முற்றியது. இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளை கையைப் பிடித்து மணமேடைக்குக் கூட்டிவர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தம்பி இல்லாமல் மாப்பிள்ளை ஒரு அடி வைக்க முடியாது. தம்பிக்குப் பதிலாகக் கிடாவையே மாப்பிள்ளை கையைப் பிடிக்கவைக்கலாமா என்று மொக்கையன் கேட்டான். அவன் சந்தேகமாகத்தான் கேட்டான். முத்திருளாண்டிக்கு முகம் சிவந்துவிட்டது. முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. வெள்ளத்தாயின் கண்ணில் இப்போது சிரிப்பு இல்லை.

செவலை அதுவரை யாரையும் கவனிக்கவில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டு பந்தி நடக்கும் பக்கம் போய், சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவே நின்று, பெரிய அண்டாவின் மேல் முன்கால் இரண்டையும் வைத்து வாலை ஆட்டியது. சமையல்காரர் தட்டைத் தூக்கினார். உள்ளே காலி அதிரசக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சங்கையா குந்தியிருந்தான்.

வெள்ளத்தாய் மாலையோடு ஓடிவந்தாள். "ஏலே, வெளிய வாடா. உங்க மாமா கையப் பிடிக்கணும்."

சங்கையா அண்ணாந்து பார்த்தான். "செவல என்னையப் பாத்துருச்சாக்கா?"

"அதுதானடா உன்னையக் கண்டுபிடிச்சது."

"கண்டுபிடிச்சது சரிக்கா. பாத்துருச்சா? அது பாக்குற வரைக்கும் வெளிய வரக்கூடாதுன்னு பெரியண்ணன் சொல்லியிருக்கு. உன் வாழ்க்கை என் கையில இருக்கு."

செவலை அவன் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. மூன்று அண்ணன்மாரும் குனிந்து அதன் கண்ணை உற்றுப் பார்த்தார்கள். இரண்டிலும் பூ. பார்க்கவில்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சடையன் நிமிர்ந்து, சொன்ன சொல்லை மாற்றக் கூடாது என்று சபையைப் பார்த்துச் சொன்னான்.

தவசி அதிகம் பேசமாட்டான் என்று முதலிலேயே சொன்னேன். அவன் நேராக அண்டாவுக்கு வந்து, உள்ளே கையை விட்டு, மைத்துனன் கையைப் பிடித்துக்கொண்டான். நான்கு பேர் அண்டாவைத் தூக்கினார்கள். அண்டா முன்னால் போக, அதிலிருந்து நீண்ட கையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை பின்னால் வந்தான். கிடா பார்த்துக்கொண்டிருக்கத் தாலி ஏறியது. சபையில் கண்கலங்காதவர் இல்லை.

கல்யாணம் நடந்து சில நாளாகிவிட்டது. சங்கையா ஒத்தப்புளியில் அண்டாவுக்குள்தான் இருக்கிறான். வேளாவேளைக்கு அக்கா சோறு போடுகிறாள். அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணன்மார் மூவரும் பக்கத்திலேயே தங்கிச் செவலைக்கு அடுத்த பாடத்தை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். மோப்பம் நன்றாக வந்துவிட்டது, இனி பார்வை ஒன்றுதான் பாக்கி. கண்ணை மூடியதும் மூக்கு திறந்தது என்றால் மூக்கை மூடினால் கண் திறந்துதானே ஆக வேண்டும்? செவலையின் மூக்கில் துண்டைச் சுற்றி இறுக்கக் கட்டியிருக்கிறார்கள். நாய் எப்படி இருக்கிறதோ அப்படியே தாங்களும் இருக்க வேண்டும் என்பதற்காகத் தங்கள் மூக்கிலும் கட்டிக்கொண்டு, வாயைப் பிளந்தபடி அண்டாவைச் சுற்றி நிற்கிறார்கள்.

நேற்று மொக்கையன் நாய்க்கு முன்னால் விரலை நீட்டி, இது எத்தனை என்று கேட்டானாம். செவலை ஒருதரம் குரைத்தது. அவன் நீட்டியிருந்தது இரண்டு விரல். ஒரு கண் திறந்துவிட்டது என்று மூன்று பேரும் தேங்காய் உடைத்தார்கள்.